கொக்குக் காசின் மறுபக்கம்

சேலத்தில் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த கம்பிக்காரர் தெருவில், குழந்தைவேல் செட்டியாரின் வெள்ளிக்கடையில், கருங்கல்லின் மேல் போட்ட ஒரு காசு பதினொரு வருடமாக ஓசை அடங்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தப் பதினொன்றாவது வருடத்துப் புரட்டாசி மாதத்தில்தான் பள்ளிபாளையத்துச் செங்கோடன் அதை விலை கேட்டு வந்தார்.

காசு வந்த கதை தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஏரிப்பாளையத்துப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி துண்டில் முடிந்து கொண்டுவந்தது அது. குழந்தைவேல் செட்டியாரின் கடையில் முதலில் காதுக்குத்தான் வேலை, அப்புறம்தான் கண்ணுக்கு. யார் என்ன வெள்ளி கொண்டுவந்தாலும், கல்லாவுக்குப் பக்கத்தில் பதித்திருக்கும் கருங்கல்லில் அதைச் சொட்டென்று போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓசையைக் கேட்டு, அது முழுவதும் அடங்கின பிறகு எடுத்துத் திருப்பிப் பார்த்து விலை சொல்வார். அன்றைக்கும் அப்படித்தான் போட்டார். காசு கணீரென்றது, இரண்டு குதி குதித்தது, கொக்குப் படம் மேலே தெரியப் படுத்துக்கொண்டது, ஒலித்தது. செட்டியார் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். காலை டீ வந்து ஆறியது, மத்தியானச் சாப்பாடு வந்து ஆறியது, ஓசை மட்டும் ஆறவில்லை. ஓசை அடங்காமல் விலை சொல்லிச் செட்டியாருக்குப் பழக்கமில்லை. பொழுது சாயும்போது அந்த விவசாயி, "குடுக்கிறதைக் குடுங்க சாமி, எனக்குக் கடைசி பஸ்ஸு" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல் வாரம் தெருவுக்குத் தலைவலியாக இருந்தது. இரண்டாவது வாரம் வியாபாரிகள் சங்கம் கடையிலேயே கூடியது. காசை எடுத்துவிட வேண்டும் என்று பாதிப் பேர், எடுத்தால் என்ன ஆகுமோ என்று பாதிப் பேர். பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஈ பறந்துவந்து கொக்கின் முதுகில் உட்கார்ந்தது. ஓசை நூல் மாதிரி மெலிந்தது. கூட்டத்தில் இருந்த நாற்பது பேரும் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஈ எழுந்து போனது, ஓசை பழையபடி தடித்தது, நாற்பது பேரும் மூச்சு விட்டார்கள். அதற்கு மேல் ஓட்டெடுப்பு தேவைப்படவில்லை. காசை யாரும் தொடக்கூடாது என்று தீர்மானம் எழுதி, கல்லின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, காற்றுப் போக நான்கு பக்கமும் ஓட்டை போட்டார்கள். தெருமுனைத் தங்கும் விடுதிக்காரர் கொடுத்த புகாரின் பேரில் ஒரு ஏட்டையா வந்து, அரை மணி நேரம் நின்று கேட்டு, "ஓசை உண்டு, தொந்தரவு இல்லை" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். பிறகு அவரே விடுமுறை நாட்களில் பேரப்பிள்ளையைத் தூங்கவைக்கத் தூக்கிக்கொண்டு வரலானார்.

இப்படியே அந்த ஓசை தெருவோடு தெருவாகக் கலந்துபோனது. கொலுசுப் பட்டறைகளில் பெண்கள் சலங்கைகளைத் தேய்க்கும்போது காசின் ஓசைக்கு ஒத்துவரும்வரை தேய்த்தார்கள். அதனால் அந்தத் தெருக் கொலுசு போட்ட மருமகள்கள் நான்கு மாவட்டத்தில் ஒரே சுருதியில் நடந்தார்கள். கலப்பட வெள்ளி கொண்டுவருகிறவர்கள் தெருவுக்குள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் அந்த ஓசைக்குப் பக்கத்தில் ஈயம் கலந்த காசு விழுந்தால் இருமுகிற மாதிரி கேட்டது. கல்யாணங்களுக்கு வந்த நாயனக்காரர் அதையே சுருதி பிடிக்கும் ஒத்தாக வைத்துக்கொண்டு வாசித்தார். ஒத்து ஊதுகிற சிவசங்கு வேலை போன கோபத்தில் இரண்டு வருடம் அந்தத் தெரு வழியாக நடக்காமல் இருந்து, பிறகு தவில் பழகிக்கொண்டு வந்து சேர்ந்தார். சாவு ஊர்வலம் முதலில் சுற்று வழியாகப் போனது. பிற்பாடு, கடை வாசலில் பாடையைக் கொஞ்ச நேரம் இறக்கிவைத்துவிட்டுத்தான் போனார்கள், போகிறவர் கேட்டுக்கொண்டே போகட்டும் என்று.

இந்த வருடம் குழந்தைவேல் செட்டியாரும் அவருடைய இரண்டு தம்பிகளும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வீட்டைப் பிரித்தார்கள், தோட்டத்தைப் பிரித்தார்கள், கடை பெரியவருக்கு என்று முடிவானது, பாத்திரங்களைக்கூடச் சண்டையில்லாமல் மூன்றாக வைத்தார்கள். காசில் வந்து நின்றது. ஒலித்துக்கொண்டிருக்கிற ஒன்றை மூன்றாக எப்படி வெட்டுவது? விற்றுத்தான் தீரவேண்டும் என்று தம்பிகள் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் செய்தியும் காசின் படமும் ஈரோட்டில் நாணயம் சேகரிப்பவர்கள் சங்கத்துக்கு வந்தன. அங்கிருந்துதான் செங்கோடனுக்குத் தெரிந்தது.

செங்கோடன் முப்பத்தாறு வருடம் விசைத்தறி ஓட்டினவர். ஒரு குடோனில் நாற்பது தறி, நாற்பதும் ஒரே நேரத்தில் அடித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. தறி அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஒன்பது வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் குடோனை விட்டு வெளியே வந்தபோது, தறி நின்றுவிட்டது என்று நினைத்தார். தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எந்த மெஷினும் உதவாது என்று கோயம்புத்தூர் டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

அவர் மனைவி பாவாயி வீட்டில் இருந்து தறிக்கு நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றியவள், அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் இருவரும் தறிக்குடோன் சைகையில் குடும்பம் நடத்தினார்கள். தறிச் சத்தத்தில் பேச முடியாத தறிக்காரர்கள் கையால் பேசிக்கொள்ளும் பாஷை அது. இரண்டு விரலைப் பிரித்தால் நூல் அறுந்தது. உள்ளங்கையைச் சுழற்றினால் தார் தீர்ந்தது. காதுமடலைப் பிடித்தால் முதலாளி வருகிறார். இரண்டு கையையும் குவித்து விரித்தால் கரண்ட் வந்தது. டீ, சம்பளம், சீக்கிரம், நிறுத்து. மொத்தம் முப்பது சொல் இருக்கும். அரிசி தீர்ந்தாலும் தார் தீர்ந்தது, உறவில் சாவு விழுந்தாலும் நூல் அறுந்தது. அந்த முப்பது சொல்லில் ஒன்பது வருடம் ஓடியது. அந்த முப்பதில் இல்லாதது எதுவும் இருவருக்கும் நடுவில் சொல்லப்படவில்லை. அவள் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி நிற்கும்போது, பின்னாலிருந்து பார்த்தால் தாடை அசைவது அவருக்குத் தெரியும். யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். திரும்பும்போது வாய் மூடியிருக்கும்.

காசு சேர்ப்பது அவருடைய ஒரே ஆசை. பீடி இல்லை, வேறு பழக்கம் இல்லை. ஏரிப்பாளையம் ஜமீன் ஒரு கல்யாணத்துக்காக அடித்த கொக்குக் காசை இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். அதில் இரண்டு தினுசு. முன்பக்கம் இரண்டிலும் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கு. பின்பக்கம் மீன் இருந்தால் சாதாரணக் காசு, பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கும். மீனுக்குப் பதில் நண்டு இருக்கிற காசு இதுவரை யார் கண்ணிலும் பட்டது மூன்றே மூன்று. எட்டு லட்சத்துக்கும் ஆள் இருந்தது. கம்பிக்காரர் தெருக் காசின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று செட்டியார் உட்பட யாருக்கும் தெரியாது. பதினொரு வருடமாக அதைத் திருப்பினவர் இல்லை.

ஓசையைப் பற்றிச் சங்கத்துக்காரர்கள் எழுதியிருந்ததைச் செங்கோடன் பொருட்படுத்தவில்லை. ஓசையால் தனக்கென்ன? கொக்கைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் பஸ் ஏறினார்.

கம்பிக்காரர் தெரு முனையில் கால் வைத்ததும், குடோனில் தறி ஓட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தார். அப்புறம் இது தறி இல்லை என்று தெரிந்தது. தலைக்குள், நெஞ்செலும்புக்குள், பல்லின் வேரில், மெல்லிய வெள்ளிக் கம்பி ஒன்றை யாரோ அறுந்துபோகாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் பயப்படவில்லை. ரொம்ப நாள் ஊரில் இல்லாத ஒருவர் தெருவில் எதிரே வந்தால் எப்படி நிற்போமோ அப்படிக் கொஞ்சம் நின்றார், பிறகு கடைக்குள் போய், சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்தார். கொக்கு தேயாமல் இருந்தது. இறகு இறகாக எண்ணலாம்.

"ஏனுங்க, பெட்டி மேல சாயாதீங்க."

"சாயலீங்க" என்று நிமிர்ந்தவர், எதிரில் இருந்த செட்டியாரின் வாயை அந்த நேரத்தில் தான் பார்க்கவே இல்லை என்பதை உணர்ந்தார்.

"இப்ப நீங்க பேசினீங்களா?"

"பின்னே காசா பேசும்?"

செங்கோடன் கல்லைப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்கு ஒரு முழத் தூரத்துக்குள் யார் பேசினாலும், அந்தப் பேச்சு ஓசையின் மேல் ஏறிக்கொண்டு அவரிடம் வந்தது. ஒரு முழம் தள்ளி நின்றவர்களின் உதடு வெறுமனே அசைந்தது. அவர் செட்டியாரை இன்னும் ஏதாவது பேசும்படி கேட்டார். செட்டியாருக்கு விலையைத் தவிர வேறு தோன்றவில்லை. "மூணு லட்சமுங்க. எங்க மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. அதுக்குக் கொறைச்சு எனக்குச் சொல்லத் தெரியலை" என்றார். உலகத்தில் அதைவிட இனிமையாக யாரும் விலை சொல்லிச் செங்கோடன் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாவாயியின் முன்னால் நின்று இரண்டு கையையும் குவித்து விரித்தார். கரண்ட் வந்தது. பாவாயி அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். மறுபடியும் குவித்து விரித்தார், தன் காதைக் காட்டினார். அவள் காதுமடலைப் பிடித்து, முதலாளி வந்தாரா என்று கேட்டாள். அந்த முப்பது சொல்லில் இதற்குச் சொல் இல்லை. கடைசியில் வாயைத் திறந்து சொன்னார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் பேசினால் வீதிக்கே கேட்கும், அதனால்தான் பேசுவதைக் குறைத்திருந்தார். அன்றைக்கு வீதிக்கே கேட்டது: காசு, ஓசை, மூன்று லட்சம்.

குடோன் மூடியபோது கிடைத்த பணமும், இத்தனை வருடச் சேமிப்பும் சேர்ந்து மூன்று லட்சத்துப் பத்தாயிரம் இருந்தது. ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு மழைக்கு ஒழுகாத கூரை போட வைத்திருந்த பணம். பாவாயி அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டி, நிறுத்து என்றாள். பிறகு தன் நெற்றியில் தட்டி இரண்டு விரலைப் பிரித்தாள். நூல் அறுந்துபோச்சு உங்களுக்கு.

இரண்டு நாள் வீட்டில் சைகைகூட இல்லை. மூன்றாம் நாள் செட்டியார் ஆள் மூலம் சீட்டு எழுதி அனுப்பினார்: செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு தரகர் வருகிறார், அவருக்குத்தான் போகும்போல் இருக்கிறது. செங்கோடன் சட்டையை மாட்டினார். பாவாயி பணத்தை ஒரு துணிப்பையில் போட்டு, பையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, அவருக்கு முன்னால் போய் பஸ்ஸில் உட்கார்ந்தாள். பணம் தன்னிடம் இருக்கும்வரை காசு வீட்டுக்கு வராது என்பது அவள் கணக்கு.

கம்பிக்காரர் தெருவில் அன்றைக்குப் பட்டறைகள் ஓடவில்லை. பெண்கள் கையில் வெள்ளித் தூளோடு கடை வாசலில் நின்றார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. உள்ளே கோயம்புத்தூர்த் தரகர் சுதர்சனம், மரியாதையான இளைஞர், வெள்ளைக் கையுறையை விரல் விரலாக மாட்டிக்கொண்டிருந்தார்.

"நண்டு இருந்தா எட்டு லட்சம், இப்பவே தர்றேன். மீன் இருந்தா பதினஞ்சாயிரம்தான் தர முடியும். ஆனா பாக்காம எதுவும் சொல்ல முடியாதுங்க. அரை நிமிஷம் போதும். ஓரத்தைப் பிடிச்சு எடுத்து, திருப்பிப் பாத்துட்டு, அப்படியே வெச்சிடுறேன்."

வாசலிலிருந்து மெருகுப் பட்டறைச் செல்லக்கிளி கேட்டாள்: "தம்பி, உங்க தொண்டையை அரை நிமிசம் எடுத்துப் பாத்துட்டு அப்படியே வெச்சுக்கலாமுங்களா?"

"செல்லக்கிளி, சும்மா இரு" என்றார் செட்டியார். அவர் முகம் வாடியிருந்தது. "எனக்கு மட்டும் ஆசையா? பொறந்தவங்களுக்குப் பங்கு குடுக்கோணும். எத்தனை நாளைக்குத் தட்டிக் கழிப்பேன்?"

"எடுத்தா நின்னு போகுமுங்களே."

"நிக்கும்னு யாரு கண்டா?"

"நிக்காதுன்னு யாரு கண்டா?"

செங்கோடன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். "செட்டியாரே, நான் மூணு லட்சம் தர்றேன். எடுக்க வேண்டாம், திருப்ப வேண்டாம். இருக்கிறபடியே வாங்கிக்கிறேன்" என்றார். தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

சுதர்சனம் பெட்டியின் மேல் குனிந்து அவரைப் பார்த்தார். "அண்ணா, நீங்களும் சேகரிக்கிறவர்தானே? மறுபக்கம் பாக்காம யாராச்சும் காசு வாங்குவாங்களா? மீனா இருந்தா உங்க மூணு லட்சம் போச்சு."

அது செங்கோடனுக்கும் தெரியும். அதற்கு மேலும் தெரியும். காசு சேர்க்கிறவனுக்குக் காசு என்பது இரண்டு பக்கம். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவன் அந்தக் காசைப் பார்த்ததாகவே சொல்லிக்கொள்ள முடியாது. இருபது வருடமாகத் தேடியது கண்ணெதிரே கவிழ்ந்து கிடக்கிறது. கையால் தொட்டால் எல்லாம் தெரிந்துவிடும், அல்லது எல்லாம் நின்றுவிடும். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு பொம்பளைக் குரல் கேட்டது.

"ஏனுங் செட்டியாரே! காது கேக்காத மனுசன்னா தலையில மொளகா அரைச்சுருவீங்களோ? கூரை போட வெச்ச பணமுங்க அது! சாணி மாதிரி ஒட்டிக் கெடக்கற காசுக்கு மூணு லட்சமா? பின்னாடி மீனிருந்தா நான் கொழம்பு வெக்கறதா, நண்டிருந்தா நான் வறுக்கறதா?"

வாசலில் சிரிப்பு எழுந்தது. செங்கோடனுக்குச் சிரிப்பு கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. கரகரத்த, வயதான, பஞ்சுத்தூசி படிந்த குரல். யாரோ வெளியூர்ப் பெண் செட்டியாரிடம் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தார். பாவாயி கண்ணாடிப் பெட்டியின் மேல் கவிழ்ந்து, செட்டியாரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடும் அந்தக் குரலும் ஒன்றோடொன்று பொருந்தின. ஒன்பது வருடமாக அவர் மனசுக்குள் வைத்திருந்த பாவாயியின் குரல் நாற்பத்தைந்து வயசில் நின்றுபோயிருந்தது. இந்தக் குரல் அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டிலேயே கிழடாகியிருந்தது.

"பாவாயி" என்றார். "அது நீயா புள்ள? உனக்குக் குரல் மாறிப்போச்சே."

பாவாயியின் கை அந்தரத்தில் நின்றது. வாசலில் சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் மெதுவாக முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். முழங்கையைக் கல்லின் ஓரத்தில் ஊன்றி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உதடு தெரிய வழியில்லை.

"நான் இப்ப என்ன சொல்றேன்?"

"நான் இப்ப என்ன சொல்றேன்னு கேக்கற."

"காலையில பஸ்ஸுல உங்களுக்குப் பின்னால உக்காந்திருந்தவன் என்ன சொன்னான்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? இந்தக் காசுப் பக்கத்துல மட்டுந்தானே கேக்குது."

பாவாயி திரும்பினாள். முந்தானை வாயிலேயே இருந்தது. "அப்படின்னா இத்தனை வருசமா அடுப்படியில நின்னு உங்களைத் திட்டினதெல்லாம்…"

"ஒண்ணுகூடக் கேக்கலை."

"நல்லதாப் போச்சு, விடுக்கா" என்றாள் செல்லக்கிளி.

"எங்க நல்லதாப் போச்சு?" என்றாள் பாவாயி. "திட்டினது மட்டுமா?"

காசு ஒலித்துக்கொண்டிருந்தது. பாவாயி இடுப்பிலிருந்து துணிப்பையை உருவினாள். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கூரையை நினைத்திருப்பாள், மழையை நினைத்திருப்பாள். பிறகு பையைக் கல்லின் மேல் படாமல் கல்லாப் பலகையில் வைத்தாள். "எண்ணிக்கோங்க. பத்தாயிரம் மிச்சம் வரும், அதைக் குடுத்துருங்க, ஓடு மாத்தோணும்."

செட்டியார் எண்ணவில்லை. இரண்டு கையாலும் பையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சுதர்சனம் கையுறையைக் கழற்றியவர், ஒரு கையில் மட்டும் மறுபடியும் மாட்டிக்கொண்டு நின்றார். "அண்ணா, இப்ப காசு உங்களுது. சட்டப்படி உங்களுது. நீங்களே எடுத்துத் திருப்பிப் பாக்கலாமே. எனக்காக வேண்டாம். உங்களுக்குத் தூக்கம் வருமா?"

தெரு முழுவதும் செங்கோடனைப் பார்த்தது. தீர்மானம் போட்ட நாற்பது பேரில் உயிரோடு இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருத்தர் விலை கொடுத்து வாங்கின பொருளில் வாய் வைப்பது அந்தத் தெருவில் வழக்கமில்லை.

செங்கோடன் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கினார். ஓசை ஒரு சுற்று பெருத்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும், காசின் முகத்தில் படாமல் ஓரத்தை மட்டும் பிடிக்கிற பாவனையில் வளைத்து, கொக்கின் மேல் கொண்டுபோனார். முப்பதாயிரம் காசைப் பிடித்துப் பழகின விரல்கள். ஒரு நூல் அளவு இடைவெளியில் விரல் நின்றது. விரல் நுனி ரோமத்தில் ஓசை கூச்சம் காட்டியது. மீன், நண்டு, மீன், நண்டு என்று அவர் மனசு தறிபோல் அடித்தது. நண்டாக இருந்தால் ஐந்து லட்சம் லாபம், சிமெண்டுக் கூரை, மாடிகூட. மீனாக இருந்தால் ஏமாளிப் பட்டம். இரண்டில் எதுவானாலும் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். பக்கத்தில் பாவாயி அவசரப்படுத்தவில்லை. "உங்க காசு" என்று மட்டும் சொன்னாள். அந்த இரண்டு சொல்லும் சைகையில் வரவில்லை, காதில் வந்தது.

அவர் விரலை எடுத்துக்கொண்டார். பெட்டியைப் பழையபடி கவிழ்த்தார்.

"அது பாட்டுக்கு ஒத்தக்கால்ல நின்னுட்டிருக்குது" என்றார் தரகரிடம். "அதை எதுக்கு நான் புரட்டறது?"

தெரு மூச்சு விட்டது. சுதர்சனம் கையுறையை மடித்துப் பைக்குள் வைத்தார். உடனே கிளம்பவில்லை, டீ வாங்கிக் குடித்துக்கொண்டு, டம்ளர் காலியான பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

காசை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் கடையிலேயே விட்டுவைப்பது என்று ஆனது. எடுக்காமல் எப்படி எடுத்துப் போவது? செட்டியார் தம்பிகளுக்குப் பங்கு கொடுத்தார். பெட்டியின் மேல் "உரிமையாளர்: செங்கோடன், பள்ளிபாளையம்" என்று ஒரு சீட்டு ஒட்டினார். அடுத்த மாதம் ஈரோட்டுச் சங்கத்தில் செங்கோடனை வைத்துச் சிரித்துத் தீர்த்தார்கள். ஒருத்தர் பாதிக் காசுக்காரர் என்று பேர் வைத்தார். ஆனாலும் சங்கத்துப் பதிவேட்டில் உறுப்பினர்களிடம் இருக்கிற அரிய நாணயங்களை எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டியிருந்தது. செயலாளர் வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினார்: கொக்குக் காசு, வெள்ளி. முன்பக்கம்: கொக்கு. பின்பக்கம்: கல்.

ஐப்பசி மழை அந்த வருடம் கூடுதலாகவே பெய்தது. பத்தாயிரத்துக்கு மாற்றின ஓடு போக மற்ற இடமெல்லாம் ஒழுகியது. பாவாயி அண்டாவையும் குண்டானையும் கீழே வைத்துவிட்டு, பாயைச் சுருட்டிச் சுவரோரம் போட்டுக்கொண்டாள்.

மழை விட்ட முதல் செவ்வாய்க்கிழமை இருவரும் சேலத்துக்குப் போனார்கள். செட்டியார் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவைத்து, தனக்கு வெளியே வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பட்டறைப் பெண்களும் தேய்ப்பதை நிறுத்தாமல், அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள். பாவாயி உட்கார்ந்து தலையைச் சரிசெய்துகொண்டாள். சொல்லவேண்டியதை எல்லாம் வழிநெடுக மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தவள், உட்கார்ந்ததும் கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கோடன் காத்திருந்தார். ஓசைக்கு நடுவில் அவளுடைய மூச்சு வந்து போவதும் அவருக்குக் கேட்டது.

"குடோனை விட்டு வந்து நம்ம வாசல்ல நின்னீங்களே, அந்த ஆடி மாசம்" என்று ஆரம்பித்தாள். "அன்னிக்கு நான் உங்களைக் கூப்பிட்டேன். நாலு தடவை கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்லை. கோவம்னு நெனச்சுட்டு உள்ள போய்ட்டேன்."

"என்னன்னு கூப்பிட்ட?"

"மாமான்னுதான்."

"இப்பக் கூப்பிடு."

அவள் வாசலைப் பார்த்தாள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கூப்பிட்டாள். செங்கோடன் "ஏம்புள்ள" என்றார். அதற்கப்புறம் அவள் நிறுத்தவில்லை. யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், அதற்கு இவள் மனசில் என்ன பட்டது, அவர் காய்ச்சலில் கிடந்தபோது எதை வேண்டிக்கொண்டாள், அந்த ஆவணியில் மகளைக் கட்டிக்கொடுத்த அன்று யாருக்கும் தெரியாமல் எங்கே உட்கார்ந்து அழுதாள் என்று மாதம் மாதமாக, நாள் தவறாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவர் நடுநடுவே "சரி" என்றார், "அப்படியா" என்றார், ஓர் இடத்தில் "தப்பு என்மேலதான்" என்றார். மத்தியானச் சாப்பாடு வந்து ஆறியது.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்போது செல்லக்கிளி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, எல்லாஞ் சொல்லி முடிச்சாச்சா?"

பாவாயி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "எங்க முடிக்கறது? அந்த வருசத்துக் கார்த்திகைக்கே இப்பத்தான் வந்திருக்கேன்" என்றாள். "இன்னும் எட்டு வருசத்துக்கு மேல இருக்குதே."